முடிசூடாத வீரர் சார்லி பர்லி

முகம்மது அலியின் பெயரை அறியாத இல்லம் நம் நாட்டில் அரிது. 1980-ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்து சென்றதைப் பெரியவர்கள் பலர் இன்றும் நினைவுகூர்வர். அந்த அலி, காசியஸ் கிளே என்ற பெயருடைய இளைஞராகத் தொழில்முறைக் குத்துச்சண்டையில் அடியெடுத்து வைத்த 1960-ஆம் ஆண்டில், சிறிது காலம் பயிற்சி பெறச் சென்றது ஆர்ச்சி மூர் என்னும் மூத்த வீரரிடம். இரண்டே ஆண்டுகளில் அந்த மாணவர் தம் ஆசிரியரையே நான்காம் சுற்றில் வீழ்த்தினார் என்பது வேறு கதை. நாம் இங்கே கருத வேண்டியது மூர் அவர்களின் தகுதியை. தோல்வியே அறியாத ராக்கி மார்சியானோவையும் அலியையும் களத்தில் நேருக்கு நேர் சந்தித்தவர் உலகில் அவர் ஒருவரே. கால் நூற்றாண்டுக்கு மேலாக அரங்கில் நின்று, இருநூறுக்கு அதிகமான போட்டிகளைக் கண்டவர். அப்படிப்பட்டவர், தாம் எதிர்கொண்டவர்களுள் தலைசிறந்தவர் என்று போற்றிய பெயர் மார்சியானோவும் அன்று, அலியும் அன்று, சார்லி பர்லி.

யார் இந்தப் பர்லி? உலகப் பட்டம் வென்றவர் பட்டியலில் தேடினால் கிடைக்க மாட்டார். பட்டத்துக்காகப் போட்டியிட்டுத் தோற்றவர் பட்டியலிலும் இல்லை. அந்தப் போட்டியே அவருக்கு அளிக்கப்படவில்லை.

அடிதடியைப் பற்றிக் குடும்ப இதழில் எழுதுவானேன் என்று தாய்மார் சிலர் கேட்கக்கூடும். ஒருவர் மற்றவரின் தலையில் அடித்து மயக்கமுறச் செய்வதை விளையாட்டு என்று அழைக்கலாமா என்னும் ஐயம் நமக்கும் உண்டு. அதை இங்கே தீர்த்துவைக்க நாம் முற்படவில்லை. ஆனால் தகுதியுள்ள ஒருவர், அத்தகுதி காரணமாகவே வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுவது குத்துச்சண்டைக்கு மட்டும் உரியதன்று. அது எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை இவருடைய வாழ்வில் மிகத் தெளிவாகக் காணலாம் என்பதால் எழுதுகின்றோம்.

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1917-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் பிறந்தவர் பர்லி. தந்தை கறுப்பினத்தவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. தாய் அயர்லாந்துப் பெண். தந்தை காலமானதும் குடும்பம் பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. இரும்பு உலைகளின் புகை சூழ்ந்த அந்நகரில் சிறுவர் மன்றம் ஒன்றில் கையுறை அணிந்து பழகத் தொடங்கினார்.

அவருடைய பத்தொன்பதாம் வயது நெருங்கிய வேளையில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1936-ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிகள் இட்லரின் பெர்லினில் நடைபெறவிருந்தன. அமெரிக்க அணிக்கான தேர்வில் கலந்துகொள்ளுமாறு பர்லிக்கு அழைப்பு வந்தது. வறுமையில் வளர்ந்த ஓர் இளைஞனுக்கு இதனினும் பெரிய வாய்ப்பு ஏது? ஆனால் இனத்தின் பெயராலும் சமயத்தின் பெயராலும் மக்களை ஒடுக்கும் ஆட்சியின் தலைநகருக்குச் செல்ல அவர் மறுத்துவிட்டார். பெர்லினுக்கு எதிர்ப்பாக ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் ‘மக்கள் ஒலிம்பியாது’ என்ற பெயரில் ஒரு விழா ஏற்பாடாகியிருந்தது. அதற்குச் சென்ற அமெரிக்கக் குழுவில் இவரும் ஒருவர். அந்தோ! விழா தொடங்கவேண்டிய அதே சூலைத் திங்களில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஒரு குத்தும் விடாமல் குழு நாடு திரும்பிற்று. அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே பர்லி தொழில்முறை வீரராகிவிட்டார்.

பட்டம் யார் கையில்?

பந்தய ஓட்டத்தில் முதலில் வந்தவர் முதல்வர். கால்பந்தில் அரையிறுதியில் வென்ற அணி இறுதியில் ஆடியே தீரும். அதைத் தடுக்க யாராலும் இயலாது. தொழில்முறைக் குத்துச்சண்டை அப்படிப்பட்டதன்று. பட்டம் வைத்திருப்பவர் யாரோடு, எங்கே, எவ்வளவு பணத்துக்கு மோதுவது என்பதை அவருடைய மேலாளரும் போட்டியை நடத்தும் முதலாளியும் பேசி முடிவு செய்வர். பத்திரிகைகள் தர வரிசை வெளியிடும். அவ்வரிசையில் முதலிடம் பெற்றவரும் அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியவரே. சுருங்கச் சொன்னால், தேர்வு எழுத எவனை அனுமதிப்பது என்பதைச் சென்ற ஆண்டு முதல் மதிப்பெண் பெற்ற மாணவனே தீர்மானிப்பதற்கு ஒப்பாகும் இது!

இந்த ஏற்பாட்டில் பர்லிக்கு நேர்ந்தது என்ன? அதே பிட்ஸ்பர்க் நகரில் ஃபிரிட்சி ஜிவிக் என்ற வெள்ளை வீரர் இருந்தார். முரட்டுத்தனத்துக்கும் விதிமீறலுக்கும் பேர்போனவர். 1938, 1939 ஆண்டுகளில் இருவரும் மும்முறை மோதினர். முதன்முறை ஜிவிக் வென்றார். அடுத்த இருமுறையும் பர்லி வென்றார். பில்லி சூஸ் என்ற மற்றொருவரையும் 1938-இல் பர்லி தோற்கடித்தார். பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். 1940 அக்டோபரில் மாவீரர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்குடன் மோதும் வாய்ப்பு ஜிவிக்குக்குக் கிடைத்தது. அவர் வென்று, 147 இராத்தல், அதாவது ஏறத்தாழ 67 கிலோ எடைப் பிரிவின் உலக வாகையரானார். 1941-இல் சூஸ் அதற்கு மேலான 160 இராத்தல் பிரிவில் பட்டம் பெற்றார். இவ்விருவரையும் தோற்கடித்திருந்த பர்லியோ இரண்டு பிரிவுகளிலும் வெளியிலேயே நின்றார். போதாக்குறைக்கு, பர்லியின் ஒப்பந்தமே ஜிவிக்கின் தரப்பாருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது. தமக்கு இடையூறாக வரக்கூடியவரின் கடிவாளத்தையே விலைக்கு வாங்கிவிட்டால், அவர் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதை வாங்கியவர்தானே சொல்வார்?

நிறம் மட்டுந்தானா?

இதற்கெல்லாம் நிறவெறியே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோர் உண்டு. அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று என்பது நம் கருத்து.

1908-இல் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பினத்தவர் மிகை எடைப் பிரிவின் பட்டத்தை வென்று 1915-இல் இழந்தபின், இருபது ஆண்டுகளுக்கு மேலாக எந்தக் கறுப்பருக்கும் அப்பட்டத்துக்குப் போட்டியிட இடமளிக்கப்படவில்லை. சாம் லாங்ஃபோர்டு, ஹாரி வில்ஸ் போன்ற ஆற்றல்மிக்கோர் காத்திருந்தே முதுமையடைந்தனர். ‘கறுப்பர் உலகப் பட்டம்’ என்று தனியாக ஒன்று வைத்து அவர்களுக்குள்ளேயே மோதவிட்டனர். கொக்கோ கிட் என்பவரை 1938 ஆகஸ்டில் வென்று பர்லி பெற்றதும் அத்தகைய தனிப்பட்டமே. பந்தி வேறு, சோறு வேறு என்னும் கொடுமையை நம் நாட்டில் காணாதவர் யார்? விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆனால் பர்லி களத்தில் இருந்த அதே ஆண்டுகளில் ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை மிகை எடைப் பிரிவின் வாகையர். ஆம்ஸ்ட்ராங் 1938-இல் மூன்று பிரிவுகளின் பட்டங்களை ஒருசேர வைத்திருந்தவர். ரே ராபின்சன் 1946-இல் 147 இராத்தல் பிரிவில் பட்டம் பெற்றவர். மூவரும் கறுப்பினத்தவரே. எனவே கதவு முழுவதும் அடைபட்டிருக்கவில்லை, சிறிது திறந்திருந்தது. அதன் வழியே யார் நுழையலாம் என்பதை முடிவு செய்தது பணம். அரங்கை நிரப்பக்கூடியவர், தட்டியெழுப்பும் பேச்சுடையவர், பெருநகர் நியூயார்க்கில் செல்வாக்குள்ள மேலாளரைப் பெற்றவர் உள்ளே வந்தனர். பர்லியிடம் இவற்றுள் எதுவும் இல்லை. அவரோடு மோதினால் தோற்கும் ஆபத்து மிகுதி. வென்றாலும் கிடைக்கும் வருமானமோ சொற்பம். எந்த வணிகன் இப்படிப்பட்ட சரக்கைக் கொள்வான்?

பட்டப் போட்டிக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். பர்லியின் எடைப் பிரிவிலேயே இருந்த ஜேக் லாமோட்டா என்பவர் 1960-இல் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் வாக்குமூலம் அளித்தார். பட்டப் போட்டியைப் பெறும்பொருட்டு, 1947-இல் பில்லி ஃபாக்ஸ் என்பவரிடம் தாம் வேண்டுமென்றே தோற்றதாகவும், இருபதாயிரம் டாலர் கொடுத்ததாகவும் அவர் ஒப்புக்கொண்டார். அப்போட்டி அவருக்கு 1949-இல் கிடைத்தது, வென்றார். மற்றொன்று நம் ஆர்ச்சி மூருடையது. பதினாறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, முப்பத்தாறு வயதைக் கடந்த நிலையில், 1952 திசம்பரில் ஜோயி மாக்சிமுடன் மோத அவருக்கு இடம் கிடைத்தது. தோற்ற மாக்சிமுக்கு உறுதியளிக்கப்பட்டிருந்த தொகை ஒரு லட்சம் டாலர். வென்ற மூரின் கையில் மிஞ்சியதோ 800 டாலர்!

போரும் ஒரு தடையாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும், ஜிவிக்கிடமிருந்து 1941-இல் பட்டம் பறித்த பிரெடி காக்ரேன் கடற்படையில் சேர்ந்தார். 160 இராத்தல் பிரிவின் வாகையர் டோனி ஜேல் என்பவரும் சேர்ந்தார். நாட்டுக்காகச் சென்றவர்களின் பட்டத்தைப் பறித்தல் முறையாகாது என்று கருதி, இரண்டு பட்டங்களையும் 1946 வரை அசையாமல் நிறுத்திவைத்தனர். அந்த நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் ஒரு வீரனின் உடல் இருபத்தைந்து வயதில் இருப்பதுபோல் முப்பதில் இராது. பர்லியின் இருபத்து நான்காம் அகவை முதல் இருபத்தெட்டாம் அகவை வரையிலான பொன்னான ஆண்டுகள் இவ்விதம் கழிந்தன. போர் முடிந்ததும் ஜேல், ராக்கி கிராசியானோ என்ற மக்கள் விருப்பத்துக்குரிய வீரரோடு மூன்று முறை மோதினார். கூட்டமும் பணமும் வெள்ளமெனப் பாய்ந்தன. பர்லியை யார் நினைப்பார்?

ரே ராபின்சன் இவரைக் கண்டு அஞ்சி ஒதுங்கினார் என்று எழுதுவோர் பலர் உளர். இருவரும் ஒருமுறையேனும் மோதவில்லை என்பது மட்டுமே நாம் உறுதியாகக் கூறத்தக்கது.

எடைபோட்டுப் பார்த்தால்

வாய்ப்பு மறுக்கப்பட்டவர்மேல் எழும் இரக்கம், அவரை உள்ளதினும் பெரியவராகக் காட்டிவிடும். ஆகவே இரக்கத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். மொத்தம் 98 போட்டிகள். 83 வெற்றி, அவற்றுள் 50 எதிராளி தொடர இயலாத நிலையில் முடிந்தவை. 12 தோல்வி, இரண்டு சமன், ஒன்று முடிவற்றது. பதினான்கு ஆண்டுகளில் ஒருவரும் அவரைப் படுக்கவைத்துப் பத்து எண்ணியதில்லை.

அந்தப் பன்னிரண்டு தோல்விகளையும் மறைக்கலாகாது. 1942 மே, சூன் திங்களில், ஐந்து வாரங்களுக்குள், எஸ்ஸார்ட் சார்ல்ஸ் என்ற இளைஞரிடம் இருமுறை தோற்றார். ஐயத்துக்கு இடமில்லாத தோல்விகளே அவை. அந்த சார்ல்ஸ் பின்னர் 1949 முதல் 1951 வரை மிகை எடைப் பிரிவின் வாகையராக விளங்கினார்; மூரையும் மும்முறை வென்றவர். ஹோல்மன் வில்லியம்ஸ் என்பவருடன் ஏழு முறை மோதி, மூன்றில் வென்று, மூன்றில் தோற்று, ஒன்று முடிவின்றிப் போயிற்று. ஆக, அவர் வெல்லவே முடியாத வீரரல்லர். சார்ல்ஸ் போன்றோர் வாகையராக இருந்த பிரிவில் அவர் நின்றிருந்தால் பட்டம் கிட்டியிருக்காது. ஆனால் அவருக்கு உரிய 147, 160 இராத்தல் பிரிவுகளில் 1939-க்கும் 1946-க்கும் இடையே பட்டத்தை அணிந்திருந்தோரை நோக்குங்கால், ஆம்ஸ்ட்ராங்கையும் ஜேலையும் தவிர்த்து ஏனையோரைவிடப் பர்லி ஒருபடி உயர்ந்தவர் என்றே நாம் மதிப்பிடுகின்றோம். ஜிவிக்கும் சூசும் அவரிடம் தோற்றவர்கள். இதற்குமேல் சான்று வேண்டுமோ?

1942-இல் ஜே. டி. டர்னர் என்ற மிகை எடை வீரர், தம்மைவிட எழுபது இராத்தல் போல் கனமானவர், மினியாபொலிஸ் நகரில் எதிர்நின்றார். உரிய எடையில் எதிராளி கிடைக்காத வறட்சியினாலன்றோ இத்தகைய போட்டியை ஒருவர் ஏற்பார்! குறித்த சுற்றுகள் முடியுமுன்பே டர்னர் களத்தைவிட்டு விலக நேர்ந்தது.

மூருடனான போட்டி 1944 ஏப்ரல் 21 அன்று ஹாலிவுட்டில் நடந்தது. அக்காலத்தில் பர்லி கலிபோர்னியாவில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்தார். சண்டை மட்டும் சோறு போடவில்லை. குறுகிய அவகாசத்தில் அழைப்பு வந்தது, சென்றார். தம்மைவிட எடை மிகுந்த மூரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை தரையில் வீழ்த்தி, பத்துச் சுற்றுகளின் முடிவில் வென்றார். மூர் ஆயுள் முழுவதும் மறவாத இரவு அது.

அவருடைய முறை எத்தகையது? அவர் அரங்கில் நின்று சண்டையிட்ட திரைப்படச் சுருள் ஒன்றே ஒன்றுதான் கிடைத்துள்ளது. 1946-இல் ஓக்லண்ட் பில்லி ஸ்மித் என்ற பெரிய உடலுடைய வீரரோடு மோதியது. அதைக் காண்போருக்கு முதலில் சற்று ஏமாற்றமே தோன்றும். கைகளைத் தாழ விட்டபடி, அவசரமேயின்றி, ஏதோ கடைத்தெருவில் நிற்பவரைப் போல் நிற்கின்றார். எதிராளி ஓங்கிக் குத்தும்போது தலையை இரண்டு விரற்கடை அளவே அசைக்கின்றார். அடி காற்றில் போகின்றது. அடி தவறிய அந்த நொடியில், எங்கிருந்து வந்தது என்று தெரியாதபடி அவருடைய வலக்கை சென்று விழுகின்றது. தேவைக்கு மேல் ஓர் அசைவு இல்லை. கர்நாடக இசையில் வல்லோர் அலட்டிக்கொள்ளாமல் பாடுவதைக் கேட்டவர்கள் இதைப் புரிந்துகொள்வர். பின்னாளில் ஜோ ஃபிரேசியர் முதலிய வாகையரைப் பயிற்றுவித்த எடி ஃபட்ச், எல்லாத் திறமும் நிறைந்த வீரர்களுள் தாம் கண்டவரில் இவரே முதல்வர் என்று கூறியதன் பொருள் இச்சுருளைப் பார்க்கும்போது விளங்கும்.

ஆனால் இதுவே அவருக்குக் கேடாகவும் அமைந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நுழைவுச்சீட்டு வாங்கி வருவோரில் பெரும்பாலோர் இரத்தத்தையும் ஆரவாரத்தையும் நாடி வருகின்றனர். எதிராளியைத் தவறவைத்துத் தவறவைத்துப் புள்ளியில் வெல்லும் கலையைக் கண்டு கைதட்டும் கூட்டம் சிறிது. பத்திரிகையாளரை மகிழ்விக்கும் பேச்சும் அவரிடம் இல்லை. போட்டி நடத்துவோர் ‘இவரால் அரங்கம் நிறையாது’ என்று சொன்னால், அச்சத்தை மறைக்கும் சாக்காக அது இருந்தபோதிலும், அதில் சிறிது உண்மையும் இருந்தது.

1950-இல் பர்லி ஓய்வு பெற்றார். பிட்ஸ்பர்க் நகராட்சியில் குப்பை அள்ளும் வேலையில் சேர்ந்து பல்லாண்டு உழைத்தார். அவர் குடியிருந்த தெருவில் எதிர்ப்புறத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் இவரைப் பார்த்து வளர்ந்தான். நேர்த்தியான உடையும் தொப்பியும் அணிந்து செல்லும் இந்த மனிதரைப்போல் தானும் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. ஆகஸ்ட் வில்சன் என்ற அச்சிறுவன் பின்னர் அமெரிக்காவின் புகழ்பெற்ற நாடக ஆசிரியரானார். ‘வேலிகள்’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நாடகம் 1987-இல் புலிட்சர் பரிசு பெற்றது. 2016-இல் திரைப்படமாகவும் வந்தது. அதன் தலைவன் டிராய் மாக்சன் குப்பை வண்டித் தொழிலாளி. இளமையில் பேஸ்பால் ஆட்டத்தில் வல்லவனாயிருந்தும் கறுப்பன் என்பதால் பெரிய அணிகளில் இடம் மறுக்கப்பட்டவன். அந்தப் பாத்திரத்துக்கு வித்தாக அமைந்தவர்களுள் பர்லி முதன்மையானவர். ஒரு வேறுபாடு உண்டு. நாடகத்தின் மாக்சன் கசப்பு முற்றி, தன் மகன் விளையாட்டில் முன்னேறக் கிடைத்த வாய்ப்பையே கெடுத்துவிடுகின்றான். அக்காட்சியை நம் தந்தையர் ஒவ்வொருவரும் பார்ப்பது நன்று.

பர்லியும் அவரைப்போல் ஒதுக்கப்பட்ட கறுப்பின வீரர்களும் வேறு எதிராளிகள் கிடைக்காமையால் திரும்பத் திரும்பத் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டனர். அக்கூட்டத்துக்கு ‘கொலையாளர் வரிசை’ என்னும் பொருள்பட ஒரு பெயரையும் சூட்டினர். ஒருவரையொருவர் அடித்துத் தேய்த்துக்கொண்டதில் உடல்நலம் இழந்தோர் அவர்களுள் உண்டு. எடி புக்கர் கண்பார்வை கெட்டுக் களத்தை விட்டவர்.

நியூயார்க் மாநிலத்திலுள்ள பன்னாட்டுக் குத்துச்சண்டைப் புகழ் மாடம் 1992-ஆம் ஆண்டில் பர்லியின் பெயரைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று, தமது எழுபத்தைந்தாம் அகவையில், பிட்ஸ்பர்க்கில் அவர் காலமானார். ஹோல்மன் வில்லியம்ஸ் அம்மாடத்தில் இடம்பெற்றது 2008-இல். லாயிட் மார்ஷல் 2010-இல். கொக்கோ கிட் 2012-இல். எடி புக்கர் 2017-இல். இந்நால்வருள் ஒருவரும் அப்போது உயிருடன் இல்லை.